நான்கு கோடு, மூன்றாவது குட்டை

என் பெயரில் ஒரு குறி இருக்கிறது. மற்றவர்கள் தங்கள் பெயரைத் தெருவுக்கு வைத்துக்கொள்கிறார்கள், பாலத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு வாய்த்தது துப்பாக்கியின் அடிவயிற்றில் கால் அங்குல நீளத்துக்கு நான்கு கோடு. அதில் மூன்றாவது மட்டும் குட்டை. பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி சேர்க்கிறவர்களிடம் போய் 'ஃபிஸ்க் குறி' என்று சொல்லிப் பாருங்கள், உடனே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்த ஃபிஸ்க் நான்தான். ஆர்டன் ஃபிஸ்க், டர்பின்வில்லில் முப்பத்தெட்டு வருஷம் பல் பிடுங்கியவன்.

துப்பாக்கி என்றால் வெளியாட்கள் மேல்பக்கம் பார்ப்பார்கள். அங்கே நாய் செதுக்கியிருக்கும், பறவை பறக்கும். துப்பாக்கி சேர்க்கிற நாங்கள் அதையெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டோம். குழலுக்கு அடியில் இடக்கை பிடிக்கிற முன்கட்டையைக் கழற்றி, குழலைக் கவிழ்த்து, இத்தனை வருஷமாக மரம் மூடிவைத்திருந்த இடத்தைப் பார்ப்போம். குழலுக்கு எஃகு கொடுத்தவன் தன் முத்திரையை அங்கேதான் அடித்திருப்பான். மூன்று வளையம் பின்னியிருந்தால் ஜெர்மனி. பெயரின் தலையெழுத்துகள் என்றால் பெரும்பாலும் பெல்ஜியம். எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு பழைய புண் உண்டு. சுத்த அமெரிக்கத் துப்பாக்கி என்று மார்தட்டி வாங்குவார்கள். கட்டையைக் கழற்றினால் குழல் கப்பலில் வந்ததாக இருக்கும். கம்பெனிக்காரன் தன் பட்டியலில் 'சக்கரவர்த்தி எஃகு' என்று பெயர் மட்டும் வைத்திருப்பான்.

எங்கள் மாவட்டத்திலேயே பர்டிக் என்று ஒரு துப்பாக்கிக் கம்பெனி இருந்து, 1911-இல் கணக்கேடுகளோடு சேர்ந்து எரிந்துபோனது. பர்டிக் குழல்களில் முத்திரையே இருக்காது. கிழவர் பர்டிக் எல்லாவற்றையும் அரம் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் விற்பார் என்று ஒரு பேச்சு. அதனால் எஃகு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில் நான் ஒரு பர்டிக்கைச் சமையலறை மேஜையில் கவிழ்த்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை இடுக்கில் நீட்டினேன். நான்கு கோடு தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன்.

என் மனைவி லொரைன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"ஏதோ கடிச்சு வச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"கடிச்ச தடம் உனக்கே புரியலைன்னா வேற யாருக்குப் புரியப் போகுது?"

அன்றைக்கு அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம். கேட்காமல், துப்பாக்கி சேர்ப்பவர்களான எங்கள் சங்கத்தின் இதழுக்குப் பதினான்கு பக்கம் கட்டுரை எழுதினேன். ஷெல் ஓடைக்கரையில் பாழடைந்த அஸ்திவாரம் ஒன்று கிடக்கிறது. அது எஃகு ஆலை என்றேன். அமெரிக்க மண்ணில் அமெரிக்கன் உருக்கிய குழல் எஃகு, இதோ அதன் முத்திரை என்றேன். குழலின் ஒரு பக்கம் குட்டைக் கோடு இருக்கும், எதிர்ப்பக்கம் நான்கும் சமமாக இருக்கும். முதலாவது ஆலையின் முத்திரை, இரண்டாவது உலையின் எண் என்று விளக்கினேன். சில துப்பாக்கிகளில் இரண்டும் பக்கம் மாறி இருந்தன. அவை இரவு ஷிஃப்டில் செய்தவை என்று எழுதினேன். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. பெல்ஜியத்தில் பிறந்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு வெட்கப்பட்டுக் கிடந்தவர்களுக்கு நான் ஒரு தாய்நாட்டையே கொடுத்திருந்தேன், கேள்வியா கேட்பார்கள்? குறியுள்ள பர்டிக்குக்கு மதிப்பு ஏறியது. குறியில்லாத பர்டிக் சீந்துவாரற்றுக் கிடந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது பத்தொன்பது வருஷம் ஓடியது. அதற்கு நான் கெட்டிக்காரன் என்பது காரணமில்லை, நானே அதை நம்பினேன்.

அந்த நம்பிக்கைக்கு நான் கொடுத்த விலை என் அப்பாவின் துப்பாக்கி.

அதுவும் பர்டிக்தான். அடியில் சுத்தமாக ஒன்றுமில்லை. அப்பா கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோகிறவர். வேட்டைக் காலத்தில் துப்பாக்கியும் வண்டியில் வரும். எப்போதும் வண்டிக் கதவில் சாய்த்துவைப்பார். கதவின் கைப்பிடி இடித்து இடித்து, பின்கட்டையின் வலப்பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது என் கட்டைவிரல் அந்தப் பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும். அவர் பேசிக்கொண்டே நடப்பார், நான் பக்கத்தில் விரலை அதில் வைத்தபடி நடப்பேன்.

ஆனால் குறியைக் கண்டுபிடித்தவன் வீட்டில் குறியில்லாத துப்பாக்கி இருக்கலாமா? டெல்மர் ஸ்ட்ரோப்பிடம் அவன் மாமா விட்டுப்போன பர்டிக் ஒன்று இருந்தது. அதில் என் குறி பளிச்சென்று இருந்தது. டெல்மர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், என்னிடம் பல் கட்டியவன், காட்டுக்கோழி சுடுவதில் மாவட்டத்திலேயே கைதேர்ந்தவன். அவனுக்கு வேண்டியது சுடுகிற துப்பாக்கி. எனக்கு வேண்டியது குறி. மாற்றிக்கொண்டோம். அடுத்த வருஷமே குறியின் மவுசு ஏற, டெல்மர் வயிற்றில் அடித்துக்கொண்டான். அன்றிலிருந்து சங்கத்தின் ஒவ்வொரு செப்டம்பர் கூட்டத்திலும், டாக்டரைச் சுருக்கி, "டாக், திருப்பி மாத்திக்கலாமா?" என்று கேட்பான். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன், முடியாது என்கிற பக்கத்துக்கு.

பதினெட்டு செப்டம்பர் அப்படிப் போயிற்று. இந்த வருஷம் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் வெர்னா கூன்ஸ் போன் செய்தாள். எண்பத்தொரு வயது. வீட்டையும் பண்ணையையும் விற்றுவிட்டு ஸ்க்ரான்டனில் மகனோடு இருக்கப் போகிறாள். அவள் அப்பா ஹோமர் கூன்ஸ் மாவட்டத்தில் எது உடைந்தாலும் ஒட்டவைக்கிறவர். பால் கறக்கும் மெஷின், கலப்பை, துப்பாக்கி, எது வந்தாலும் சரி. பட்டறையில் துப்பாக்கி ஸ்க்ரூக்கள் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள் என்றாள்.

போனேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாங்க டாக்டர். எழுபத்தொன்பதுல எனக்குப் பல்லு பிடுங்கினீங்களே, ஞாபகம் இருக்கா? தப்பான பல்லு."

"பக்கத்துப் பல்லும் கெட்டுத்தானே போயிருந்தது, வெர்னா."

"அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க."

பட்டறையில் டப்பாவைக் காட்டினாள். நான் டப்பாவைப் பார்க்கவில்லை. பெஞ்சின் முனையில், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பெரிய வைஸ் ஒன்று திருகப்பட்டிருந்தது. அதன் தாடைகளில் குறுக்காகப் பல் வெட்டியிருந்தது. எதிர்த்தாடையில் நான்கு பல், நான்கும் சமம். இந்தத் தாடையில் நான்கு பல், மூன்றாவது பாதி உடைந்திருந்தது.

அங்கே கிடந்த பால் கேன் ஒன்றின்மேல் உட்கார்ந்தேன்.

"என்ன டாக்டர், முகமெல்லாம் வெளுத்துப் போச்சு? தண்ணி கொண்டாரட்டா?"

"இந்த வைஸ்ல... உங்கப்பா துப்பாக்கி வேலை பார்ப்பாரா?"

"பின்னே? கீல் தேஞ்சு, பிடிச்சு ஆட்டினா கடகடன்னு ஆடும் பாருங்க, அந்த மாதிரி துப்பாக்கியெல்லாம் இங்கதான் வரும். சுத்துவட்டாரம் மூணு மாவட்டத்திலேருந்தும் வரும். குழலை இதுல கவ்வக் குடுத்து, சுத்தியால தட்டி இறுக்கித் தருவாரு. அதிலயும் பர்டிக்னா அடிக்கடி வரும். உள்ளூர்ச் சரக்கு இல்லையா, அதான்."

"கடிச்ச தடம் விழாதா?"

"தோல் வச்சுப் பிடிச்சா விழாது. எங்கப்பா எல்லாருக்கும் தோல் வைக்க மாட்டாரு. மரியாதையாப் பேசறவங்களுக்குத்தான் தோல். பேரம் பேசிக் கழுத்தறுக்கிறவனுக்கு அப்படியே இரும்புலதான். 'கட்டைக்கு அடியிலதானே, எவன் பார்க்கப் போறான்'னு சொல்லிச் சிரிப்பாரு." அவளும் சிரித்தாள். "ஸ்ட்ரோப்னு ஒருத்தன் வருவான், டெல்மரோட மாமா. அவன் துப்பாக்கிக்கு மட்டும் இன்னும் ஒரு சுத்து சேர்த்தே இறுக்குவாரு."

எவன் பார்க்கப் போகிறான். நான் பார்த்தேன். பார்த்துப் பதினான்கு பக்கம் எழுதினேன்.

சட்டைப் பையில் எப்போதும் அச்சு எடுக்கிற மெழுகு வைத்திருப்பேன், பழைய தொழில் பழக்கம். இரண்டு தாடையையும் அதில் அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என்னிடம் குறியுள்ள பர்டிக் நான்கு இருந்தன. நான்கின் அடியிலும் அச்சை வைத்துப் பார்த்தேன். மேல்தாடையும் கீழ்த்தாடையும் போல அப்படியே பொருந்தியது. டெல்மரின் மாமா துப்பாக்கியில் கொஞ்சம் ஆழமாகவே பொருந்தியது. இரவு ஷிஃப்ட் என்று நான் எழுதியது, குழலைத் திருப்பிப் போட்டுக் கவ்வியது. அவ்வளவுதான் விஷயம்.

அப்போதுதான் மற்றதும் உறைத்தது. குறி இருக்கிறது என்றால் அந்தத் துப்பாக்கி ஒருகாலத்தில் ஆடி, தேய்ந்து, ஹோமர் கூன்ஸிடம் வந்து அடிவாங்கியது என்று அர்த்தம். அதுவும் ஒரு கஞ்சனின் துப்பாக்கி என்று அர்த்தம். குறி இல்லையென்றால் வைஸ் தொட்டதில்லை, அல்லது சொந்தக்காரன் மரியாதை தெரிந்தவன். பத்தொன்பது வருஷமாக நாங்கள் சொத்தையைப் பொறுக்கி வைத்துக்கொண்டு நல்ல பல்லைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தோம். ஒரு பல் டாக்டரின் தலைமையில்.

லொரைனிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இப்ப என்ன பண்ணப் போறே?" என்றாள்.

"அப்பா துப்பாக்கி எனக்குத் திரும்ப வேணும். சனிக்கிழமை டெல்மர் கேப்பான். இந்தத் தடவை சரின்னு சொல்லிடப் போறேன்."

"வைஸ் விஷயத்தை அவன்கிட்ட சொல்லிட்டா, சொல்லாமலா?"

"அவன் பதினெட்டு வருஷமா கேட்டதைத்தானே குடுக்கிறேன்? நானா அவன் தலையில கட்டறேன்?"

"அதாவது சொல்லாம."

"மாத்தினதுக்கு அப்புறம் சொல்லலாம்."

"சொத்தைப் பல்லைத் தங்கம்னு சொல்லி விக்கிற டாக்டரு, வித்துட்டு அப்புறம் சொல்றாராம்" என்று அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டு நாளும் எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். கேஸ் ஜெயித்தது. அப்பாவின் துப்பாக்கி என் வீட்டுக்கு வரவேண்டும், அதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டாம் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

எங்கள் கூட்டம் மாவட்டத் திருவிழாத் திடலின் கோழிக் கொட்டகையில் நடக்கும். ஆகஸ்டில் அங்கே கோழிக் கண்காட்சி, செப்டம்பரில் நாங்கள். வாசனை இரண்டுக்கும் பொது. வெளியே தீயணைப்புக்காரர்கள் பாதிப் பாதிக் கோழியாகக் கரியில் வாட்டிக்கொண்டிருப்பார்கள். உள்ளே நீள மேஜைகளில் துணி விரித்துத் துப்பாக்கிகள். எங்களுக்குச் சட்டம் இரண்டுதான். அடுத்தவன் துப்பாக்கியின் கட்டையை அவனைக் கேட்காமல் கழற்றக் கூடாது. வேண்டும் என்று நினைக்கிற பொருளை ஒருபோதும் புகழக் கூடாது. முதலாவதை மீறினால் திட்டுவார்கள். இரண்டாவதை இதுவரை யாரும் மீறியதில்லை, அதனால் தண்டனை என்னவென்று யாருக்கும் தெரியாது.

பத்து மணிக்கு டெல்மர் வந்தான். தோளில் அப்பாவின் துப்பாக்கி. காலையில் நாயோடு காட்டில் நடந்துவிட்டு வந்திருக்கிறான். காலணியில் சேறு, குழல் நுனியில் ஒரு துண்டுப் பெரணி இலை.

"என்ன டாக், இந்த வருஷமும் தலையாட்டப் போறியா?"

"வை, பார்ப்போம்."

அவன் அவசரமாகத் துப்பாக்கியை இறக்கி மேஜையில் வைத்தான். அப்புறம் சுதாரித்துக்கொண்டு சம்பிரதாயப்படி ஆரம்பித்தான். "உன்னோடது அப்படியொண்ணும் பிரமாதம் இல்லையே. மேல்பூச்செல்லாம் போயிடுச்சு."

"உன்னோடது மட்டும்? மாடு ஓட்டற கம்பு மாதிரி வச்சிருக்கே. கட்டையில பள்ளம் வேற."

"அந்தப் பள்ளம் நீ குடுக்கும்போதே இருந்தது."

"அப்பவே சொல்லியிருக்கணும் நீ. இதை எவன் எடுப்பான்? உன் முகத்துக்காகத்தான் பார்க்கிறேன்."

வழக்கமான சுகமான பொய்கள். பத்து நிமிஷத்தில் படிந்துவிட்டது. கைகுலுக்க வேண்டியதுதான் பாக்கி. டெல்மர், "கட்டையைக் கழட்டிப் பார்க்கட்டா?" என்று முறைப்படி கேட்டான். நான் சரி என்றேன். கழற்றினான். குழலைக் கவிழ்த்து, சட்டை நுனியால் அந்த நான்கு கோட்டைத் துடைத்தான். தூசி எதுவும் இல்லை, இருந்தாலும் துடைத்தான்.

"தெரியாத்தனமா விட்டுட்டேன் டாக்" என்றான் மெதுவாக. "எங்க மாமா எனக்குன்னு குடுத்தது இது ஒண்ணுதான். வீட்டுல நார்மா இன்னைக்கும் சொல்லிக் காட்டுறா, கையில இருந்ததைத் தொலைச்சிட்டியேன்னு. இன்னைக்கு வீட்டுக்குக் கொண்டுபோயி அவ முன்னால வைக்கிறேன் பாரு. அவ வாயைத் திறக்கட்டும் அப்புறம்."

என் நாக்குக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. ஜெயித்த கேஸ் தோற்றுப்போனது.

"டெல்மர், அது முத்திரை இல்ல."

"என்னது?"

"வைஸ் கடிச்ச தடம். ஹோமர் கூன்ஸோட வைஸ். வியாழக்கிழமைதான் பார்த்தேன். இது ஆடிப்போன துப்பாக்கி, தட்டி இறுக்கினது. ஆலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் எழுதினது அத்தனையும் தப்பு."

அவன் கையிலிருந்த குழலை மேஜையில் வைத்தான். நான் நிறுத்தியிருக்கலாம். அணை உடைந்தபின் எங்கே நிறுத்துவது?

"உன்னோடதுதான் நல்ல துப்பாக்கி. இன்னைக்கு வரைக்கும் ஒரு வைஸ் தொட்டதில்ல. என்னோடதைவிட நூறு மடங்கு மேல. அது எங்கப்பாவோடது, டெல்மர். எனக்கு அது வேணும். இதை எடுத்துக்கோ, இன்னும் மூணு இருக்கு, அதையும் எடுத்துக்கோ. எது கேட்டாலும் தர்றேன்."

அப்படியாக எங்கள் இரண்டாவது சட்டத்தை, சங்க வரலாற்றில் முதல்முறையாக, நான் மீறினேன். தண்டனை என்னவென்று உடனே தெரிந்தது. டெல்மரின் கை மேஜையில் மெல்ல நகர்ந்து அப்பாவின் துப்பாக்கியின்மேல் உட்கார்ந்தது.

"நாலு துப்பாக்கி தர்றே" என்றான். "குறி உள்ளது நாலு. இந்த ஒண்ணுக்கு."

"ஆமா."

"இதுல என்ன கண்டுபிடிச்சே டாக்?"

"ஒண்ணுமில்லப்பா! சத்தியமா ஒண்ணுமில்ல. எங்கப்பா வச்சிருந்தது, அதுக்காகத்தான்."

"பதினெட்டு வருஷம் உங்கப்பா ஞாபகம் வரலையா உனக்கு?"

நான் மேஜைத் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டேன். அதையும் அவன் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டான்.

அதற்குள் ராய்ஸ் வான் டைன் வந்து சேர்ந்தான். டிராக்டர் வியாபாரி, எங்கள் சங்கத் தலைவன், குறியுள்ள பர்டிக் பதினொன்று வைத்திருப்பவன். கோட்டில் குத்தியிருந்த சங்கச் சின்னத்திலேயே நான்கு கோடு, மூன்றாவது குட்டை. விஷயத்தைச் சொல்லி மெழுகு அச்சை அவன் கையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தான். மனசுக்குள் பதினொன்றையும் ஒருமுறை எண்ணியிருப்பான்.

"இந்த ஹோமர் கூன்ஸ், பர்டிக் ஃபேக்டரியில வேலை பார்த்தவரா?" என்றான்.

வெர்னா தீயணைப்புக்காரர்களின் பந்தலில் உருளைக்கிழங்கு சாலட் பரிமாறிக்கொண்டிருந்தாள். போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். கையில் கரண்டியோடு வந்தாள்.

"ஃபேக்டரி எரிஞ்சப்ப எங்கப்பாவுக்கு ஆறு வயசு" என்றாள்.

"அப்ப அந்த வைஸ் ஃபேக்டரியிலேருந்து வந்திருக்கலாம், இல்லையா?" என்றான் ராய்ஸ்.

"எல்மைராவுல கடையில வாங்கினது. பல்லு அவரே வெட்டினது."

"நீங்க அப்பப் பொறந்திருக்கவே மாட்டீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெர்னா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "கோழி ஆறிப்போகுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ராய்ஸ் என் தோளில் கை போட்டான். "டாக், நீ ரொம்பக் களைச்சுப் போயிருக்கே. இதை ஆராய ஒரு கமிட்டி போடுவோம். ஆதாரம் இல்லாம இவ்வளவு பெரிய முடிவுக்கு வரக் கூடாது." பொய் சொன்னபோது ஆதாரம் கேட்காதவர்கள், உண்மையைச் சொன்னபோது கமிட்டி போட்டார்கள். கமிட்டிக்குத் தலைவராக என்னையே போட்டார்கள், குறி என் பெயரில் இருப்பதால்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பதினொன்றரைக்குள் கொட்டகையின் கடைசி மேஜை வரை செய்தி போய்விட்டது. போனது நான் சொன்ன செய்தி இல்லை. 'டாக் ஃபிஸ்க் குறியுள்ளது நாலைக் கொடுத்து வெறும் பர்டிக் ஒன்றைக் கேட்கிறார்' என்பதுதான் போனது. எங்கள் ஆட்கள் ஒருவன் சொல்வதைக் கேட்பதில்லை, அவன் எதை நோக்கிக் கை நீட்டுகிறான் என்றுதான் பார்ப்பார்கள். காலையில் மேஜைக்கு அடியில் கால்மிதிக்குப் பக்கத்தில் கிடந்த வெறும் பர்டிக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் சுற்றினார்கள். மத்தியானம் கொட்டகை முழுக்கத் தேடினாலும் விற்பனைக்கு ஒன்று கிடையாது. ராய்ஸேகூட எங்கிருந்தோ இரண்டு வாங்கிக் காரின் பின்னால் வைத்துக்கொண்டான், கமிட்டி முடிவு எப்படிப் போனாலும் பாதகமில்லாமல்.

டெல்மர் கோழிகூடச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டான். வரும்போது தோளில் போட்டு வந்த துப்பாக்கியைப் போகும்போது இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனான்.

"சொல்லிட்டியா?" என்று வீட்டில் லொரைன் கேட்டாள்.

"சொல்லிட்டேன்."

"மாத்திக்கிட்டானா?"

"இல்ல."

அவள் எனக்கு ஆப்பிள் பை வெட்டி வைத்தாள். வழக்கத்தைவிடப் பெரிய துண்டு. அதற்குள் எல்லாம் அடக்கம். அடுத்த வாரம் வெர்னாவின் ஏலத்தில் அந்த வைஸை ராய்ஸ் எடுத்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். சங்க அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 'பர்டிக் தொழிற்சாலையைச் சேர்ந்ததாகக் கருதப்படுவது' என்று பித்தளைத் தகடு அடித்திருக்கிறார்கள்.

நவம்பரில், வேட்டைக் காலத்தின் நடுவில், டெல்மர் போன் செய்தான். கோபமெல்லாம் இல்லை, உற்சாகமாக இருந்தான். வந்து பார் என்றான். இரண்டாவது சட்டத்தை மீறியவனுக்கு இரக்கம் காட்டுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனேன். மாற்றிக்கொள்ளச் சம்மதிப்பானோ என்றும் ஒரு மூலையில் நினைத்தேன். குறியுள்ளது நான்கையும் காரில் ஏற்றிக்கொண்டுதான் போனேன்.

வாசலில் அவன் நாய் படுத்திருந்தது. என்னைப் பார்த்து வாலை ஒருமுறை தட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"என்ன, நாய் சோம்பேறியாயிடுச்சு? காட்டுப் பக்கம் போறதில்லையா?"

"மச்சான்கிட்ட ஒரு துப்பாக்கி இரவல் வாங்கினேன். கைக்குச் சரிப்படலை. விட்டுட்டேன்."

"ஏன், உன்னோடது?"

"அதையா?" அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், பால்குடிக்கிற பிள்ளையைக் கிணற்றில் போடலாமா என்று நான் கேட்டதுபோல. "அதைக் காட்டுக்குக் கொண்டுபோறதா? முள்ளு கிள்ளு கீறினா?"

நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். புதிதாக ஓர் இரும்பு அலமாரி, ஈரம் சேராமலிருக்க உள்ளே ஒரு குட்டி ஹீட்டர். எனக்கு ஒரு ஜோடி வெள்ளை நூல் கையுறை கொடுத்தான். போட்டுக்கொண்டபின்தான் கதவைத் திறந்தான்.

அப்பாவின் துப்பாக்கி பச்சைத் துணிமேல் நின்றிருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்து, சேறு இல்லாமல், இலை இல்லாமல். இந்த நூறு வருஷத்தில் அது ஒரு நவம்பரைக்கூட வீட்டுக்குள் கழித்ததில்லை. நான் கொடுத்துத் தொலைத்த பிறகும் வருஷா வருஷம் அது காட்டில் நடந்துகொண்டுதான் இருந்தது. உண்மையைச் சொல்லி அதை உள்ளே வைத்துப் பூட்டியவன் நான்தான்.

டெல்மர் அதை எடுத்து என் கையில் கொடுத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"யாருமில்ல இங்க. இப்பவாவது நிஜத்தைச் சொல்லு டாக். இதுக்கு அடியில என்னதான் கண்டுபிடிச்சே?"

"ஒண்ணுமில்ல, டெல்மர்."

அவன் முகம் மலர்ந்தது. "நானும் அதைத்தான் பார்த்தேன். பூதக்கண்ணாடி வச்சு ராத்திரி பகலாப் பார்த்தேன். ஒரு கீறல் இல்ல, ஒரு புள்ளி இல்ல. ஒண்ணுமே இல்ல! இந்த மாதிரி ஒண்ணுமில்லாதது இனிமே எங்க கிடைக்கும் சொல்லு?"

நான் பின்கட்டையின் வலப்பக்கத்தைத் தடவினேன். பள்ளம் இருக்கிற இடம் எனக்குத் தெரியும். கட்டைவிரலை அங்கேயே வைத்தேன், அழுத்தியும் பார்த்தேன். கையுறைக்குள் ஒன்றும் தெரியவில்லை.

"கழட்டிட்டுத் தொடட்டா?" என்று கேட்டேன்.

"ஐயோ, வேண்டாம் டாக். வியர்வை பட்டா துரு பிடிக்கும்" என்று அவன் துப்பாக்கியை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினான்.